மெயினை அணைக்காத கடை

அன்புள்ள வாலுவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சௌக்கியம்தான், உன் சித்தப்பா முகத்தைப் பார்க்கிற அன்று மட்டும் எனக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறது, பார்க்காமல் இருப்பதே மருந்து என்று நானே கண்டுபிடித்துவிட்டேன். குளிரில் காதை மூடிக்கொண்டு போகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

சித்தப்பாவோடு சமாதானமாகப் போங்கள், கடையின் இணையதளம் அவரிடமே இருக்கட்டும் என்று எழுதியிருந்தாய். முடியாது. காரணத்தைக் கேட்டுக்கொள். நம் பட்டன் கடையை இணையத்தில் திறந்தபோது, ஹோஸ்டிங்குக்கு, அதாவது தளத்தைக் குடிவைக்கிற இடத்துக்கு, வெளியே போகக் கூடாது என்று அடம்பிடித்தவன் அவன். "என் கடையில ஒரு சர்வர் சும்மாதானே கிடக்குது, தம்பி இருக்கும்போது எவன்கிட்டயோ போய் இடம் கேப்பியாண்ணே?" என்றான். கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவனாயிற்றே என்று தலையாட்டினேன். ஆர்டர் வரவில்லை. பட்டனைப் போய் யார் இணையத்தில் வாங்குவார்கள் என்று விருந்தாளிகள் முன்னால் சிரித்தான், அதை நான் மறக்கவில்லை. எப்போது திறந்தாலும் பக்கம் வரவில்லை என்று நீ சொன்னதைக்கூட, பார்க்காததற்குச் சாக்கு என்றே நினைத்தேன். பிறகு நீ இருக்கிற ஊர்ப் பக்கத்திலிருந்து, நாடக உடை தைக்கும் நம் மொழிக்கார அம்மாள் ஒருவர் போன் செய்து, "என்ன சார், ஆன்லைன் கடைக்குமா ஷட்டர் போடுவீங்க?" என்று கேட்டார். அன்று மாலையே தம்பி கடைக்குப் போனேன். முன்பு அடுத்த கடையில் ஒயர் பற்றி எரிந்ததிலிருந்து நம் வீட்டு ஆண்கள் எல்லோரும் செய்கிறபடி, அவன் பூட்டுவதற்கு முன் மெயின் சுவிட்சை அணைத்தான். சர்வரும் சேர்ந்து அணைந்து, என் கையிலிருந்த போனில் நம் கடை பொட்டென்று போய்விட்டது. உனக்கு அப்போதுதான் விடிகிறது, உன் பகல் முழுக்க நாம் மூடிக் கிடந்திருக்கிறோம்! கேட்டால், "ராத்திரியில எவண்ணே பட்டன் வாங்குவான்?" என்கிறான்.

உடனே வேறு இடம் தேடினேன். கூட்டம் வந்தால் தாங்குமா, இத்தனை பட்டன் படங்களுக்கு இடம் போதுமா, தினமும் நகல் எடுத்து வைப்பீர்களா என்று கேட்டால் எல்லா நிறுவனங்களும் ஆமாம் சாமி போடுகின்றன. அதனால் வேறொரு கேள்வி போட்டேன், நாளைக்கு ஒத்துவராவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு நான் எப்படி வெளியேறுவது என்று. ஒருவன் போனை வைத்துவிட்டான். இன்னொருவன், "சேர்றதுக்கு முன்னாடியே ஏன் சார் பிரியறதப் பத்திப் பேசறீங்க?" என்று மாப்பிள்ளை மாதிரி கோபித்துக்கொண்டான். சின்ன நிறுவனத்துப் பெண் ஒருத்தி மட்டும், "எல்லாத்தையும் ஒரே கோப்பா நீங்களே இறக்கிக்கலாம் சார், கடையோட இணைய முகவரிய மட்டும் எப்பவும் உங்க பேர்லயே வச்சுக்குங்க, யார்கிட்டயும் குடுக்காதீங்க, எங்ககிட்டயும்தான்" என்றாள். போகிற வழியைக் காட்டினவளிடம்தான் தங்கினேன்.

சித்தப்பா பழைய படங்களைத் தர மறுத்தான், எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டால் தருவானாம். எதற்கு மன்னிப்பு? கடையைத் திறந்து வைக்க ஆசைப்பட்டதற்கா? ஒவ்வொரு பட்டனையும் திரும்பப் படம் பிடித்தேன். விட்டுக்கொடுங்கள் என்று முனகிக்கொண்டே உன் அம்மாதான் விளக்கைப் பிடித்தாள், என்னைவிட நன்றாகவே பிடித்தாள். வெளியாளை நம்பிவிட்டேன் என்று அவன் உறவுக்காரர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். ஆமாம், நம்பிவிட்டேன், அவன் உன்னிடம் பேசினால் அப்பா சொல்லச் சொன்னார் என்றே சொல். நேற்று கடையில் மெயினை அணைத்துவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தேன், இணையத்தில் கடை திறந்தே இருந்தது.

உன் பகலில் திறந்து பார். போன படத்தில் உன் கோட்டின் இரண்டாவது பட்டனுக்குப் பதில் ஊக்கு குத்தியிருந்தாய், கவனித்தேன். பழுப்பு நிறம், நாலு துளை, முதல் பக்கத்திலேயே போட்டு வைத்திருக்கிறேன். மகள் என்று தள்ளுபடி கிடையாது, ஆர்டர் போட்டு வாங்கு.

உடம்பைப் பார்த்துக்கொள், நீ எதிலும் குறைவில்லாமல் இருக்க வேண்டும்.

என்றும் வணங்காத,
உன் அப்பா