ஒன்றாம் மெஷினின் ஒயர்

ஸ்ரீவில்லிபுத்தூர்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள அத்தானுக்கு,

ஆண்டவர் கிருபையில் அத்தைக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுக்குத்தான் ஆகவில்லை. போனில் பேச ஆரம்பித்தால் இரண்டாவது நிமிடமே சண்டை வந்து, நீங்கள் வைத்துவிடுகிறீர்கள். அன்சார் அண்ணன் சனிக்கிழமை மஸ்கட் திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். கடிதத்தைப் பாதியில் வைக்க முடியாதல்லவா.

ஆயுத பூஜை லீவு முடிந்ததிலிருந்து நம் பேண்டேஜ் கம்பெனியில் ஒன்றாம் ஸ்டெரிலைசர் ஆபீஸ் கம்ப்யூட்டரோடு பேசமாட்டேன் என்கிறது. மெஷின் நன்றாகத்தான் ஓடுகிறது. நீராவி ஏறுகிறது, துணி வேகிறது. ஆனால் எத்தனை டிகிரியில் எத்தனை நிமிடம் வெந்தது என்ற பதிவு மட்டும் கம்ப்யூட்டருக்கு வருவதில்லை. வந்தாலும் கேள்விக்குறியும் கிறுக்கலுமாக வருகிறது. பதிவு இல்லாத பேண்டேஜை எந்த ஆஸ்பத்திரி வாங்கும்? ராஜபாளையம் குடோனில் நானூறு பெட்டி முடங்கிக் கிடக்கிறது.

நான் சும்மா இருக்கவில்லை. மெஷினும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளும் வேகம் இரண்டு பக்கமும் ஒன்பதாயிரத்து அறுநூறுதானா என்று பத்து தடவை பார்த்தேன். மீட்டர் வைத்து ஒவ்வொரு ஒயராகச் சோதித்தேன். நடுவில் இருக்கும் கன்வெர்ட்டர் பெட்டியை மதுரையிலிருந்து புதிதாக வரவழைத்தேன். இரண்டாம் மெஷினின் கேபிளைக் கழற்றி ஒன்றில் மாட்டினேன். அதுவும் ஊமையாகிவிட்டது. திருப்பி இரண்டிலேயே மாட்டினால் கொஞ்சம் ஆட்டி அழுத்தியதும் பேசுகிறது. அப்படியானால் கோளாறு ஒன்றாம் மெஷினில் ஒயர் செருகும் போர்ட்டில்தான். அந்தப் போர்ட்டைப் போன வருஷம் மாற்றி, கையால் ஈயம் உருக்கி சால்டர் வைத்தது யார்? நீங்கள்.

இதைச் சொன்னால், "நான் வச்ச சால்டர் விடாது, நீதான் எதையாவது நோண்டியிருப்ப" என்கிறீர்கள். இரண்டு வாரமாகக் கையெல்லாம் கிரீஸ், பஸ்ஸில் நின்றுகொண்டே வீடு வருகிறேன். அதற்கு இதுதான் பேச்சா? எனக்கும் கோபம் வந்தது. மேனேஜர் ஹரிகிருஷ்ணன் சார் கேட்டபோது, ஜோயல் வைத்த சால்டர்தான் தப்பு என்று சொல்லிவிட்டேன். அப்படியென்றால் ஜனவரியில் அவரைத் திரும்ப எடுப்பதை யோசிக்க வேண்டும் என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. இங்கே வேலை உறுதியானால்தான் டிசம்பரில் வருவேன், இல்லையென்றால் அங்கேயே இன்னும் இரண்டு வருஷம் என்று நீங்கள் சொன்னது தெரிந்தும் நின்றேன். அவ்வளவு ஆத்திரம்.

வியாழக்கிழமை.

மேலே எழுதியதைக் கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். வேண்டாம், நான் என்ன நினைத்தேன் என்று உங்களுக்கும் தெரியட்டும்.

இன்று அந்தப் போர்ட்டைத் திறந்தேன், உங்கள் சால்டரை உருக்கிப் புதிதாக வைக்கலாம் என்று. சூடேறிய சால்டரிங் அயர்னைப் பக்கத்தில் கொண்டுபோனதும் சந்தன வாசம் வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் பின்களுக்கு நடுவே மஞ்சளாகக் காய்ந்து கிடக்கிறது. அதில் செருகிய கேபிள் ஓட்டைகளிலும் அதேதான்.

வைத்தது நான்தான் அத்தான். பூஜையன்று கிறிஸ்தவப் பிள்ளை ஒதுங்கி நிற்கிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று, சந்தனக் கிண்ணத்தை நானே வாங்கிக்கொண்டேன். கதவில் வைத்தேன், மீட்டரில் வைத்தேன். துடைப்பதற்காக ஒயரைக் கழற்றியிருந்த அந்தப் போர்ட்டையும் விடவில்லை. ஈரம் காய்வதற்குள் ஒயரையும் செருகிவிட்டேன். இரண்டாம் மெஷினுக்கு வைத்தது பேக்கிங் சீனியம்மாள் அக்கா, கதவில் மட்டும். இன்று அவர், "ஏட்டி, பொட்ட நெத்தியில வைக்காம வாயிலயா வைப்பாக?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது.

ஸ்பிரிட் தொட்டு, பல் துலக்கும் பிரஷால் தேய்த்தேன். ஒயரை மாட்டிய உடனே கம்ப்யூட்டரில் எண்கள் வரிசையாக வந்தன. உங்கள் சால்டர் பளபளவென்று இருக்கிறது. நான் தொடவில்லை.

நேராக மேனேஜரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். முதலாளிக்கு உங்கள் பெயரைப் போட்டு ஏற்கெனவே மெயில் அனுப்பிவிட்டாராம். "அப்ப நீயே எழுதிக் குடும்மா" என்றார். தவறு என்னுடையது, ஜோயல் வேலையில் குறை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முதலாளி திங்கட்கிழமை முடிவு சொல்வார். உங்களுக்கு வேலை உண்டா, எனக்கு இருக்குமா, எதுவும் தெரியவில்லை.

பிளவக்கல் அணைப் பக்கம் மழை பிடித்துவிட்டது. அடுப்படியில் ஒழுகுகிறது, பாத்திரம் வைத்திருக்கிறேன். அத்தை கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிறேன். டிசம்பருக்கு எத்தனை நாள் என்று என்னிடம்தான் கேட்கிறார்கள். நான் எண்ணிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இதைப் படித்ததும் கூப்பிடுங்கள். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். திங்கட்கிழமை முதலாளி என்ன சொன்னார் என்று மட்டும் முதலில் கேட்காதீர்கள். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் டிசம்பரில் வருகிறேன் என்று முதலில் சொல்லுங்கள்.

கர்த்தர் உங்களைக் காப்பாராக.

உங்கள்,
பியூலா