இல்லாத நாட்டுப் பாடம்

1992, தை, வியாழன் இரவு.

சோவியத் யூனியன் கலைந்து ஒரு மாதமாகிறது. எங்கள் கல்லூரிப் பாடத்திட்டத்தை மாற்றத்தான் யாருக்கும் நேரமில்லை. தேர்வில் கேள்வி வருமே! இன்றும் இங்கிலாந்து, அமெரிக்காவோடு ஒப்பிட்டு சோவியத் ஆட்சிமுறையைப் பாடம் நடத்தினேன், அந்த நாடு உயிரோடிருப்பதுபோல. பிள்ளைகள் தலைநிமிராமல் எழுதினார்கள். செத்தவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதுபோல் கூசியது.

மணியடித்த பின், ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வரும் செல்வி மட்டும் நின்றாள்.

"சார், நாடு போவப்போவுதுன்னு அங்கன உள்ளவங்களுக்கு முந்தின நாள் தெரிஞ்சிருக்குமா?"

"எங்க தெரியும்? நம்மள மாதிரி சாப்பிட்டுட்டுப் படுத்திருப்பாங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

சாப்பிட்டுவிட்டேன். படுக்கத்தான் மனம் வரவில்லை. ரேடியோவில் டெல்லிச் செய்தி எப்போதோ முடிந்துவிட்டது. வெறும் இரைச்சல். நிறுத்தக் கை போகவில்லை.