வெறுங்காலில் ஆடிய கோல்ப்

ஜவ்வாது மலை,
23-1-1983

சேட்டுவுக்கு அப்பா எழுதுவது. நீ எனக்கு அநியாயம் செய்துவிட்டாய். கால் விரல்கள் மரத்து, கொப்புளம் கட்டி, நடக்க முடியாமல் கிடந்ததை என்னிடம் மறைத்துவிட்டு, போளூரில் இருக்கும் உன் சித்தப்பன் வடிவேலுவுக்கு எழுதினாய். பெற்றவன் மலைமேல் உயிரோடுதான் இருக்கிறேன். இதை முதலில் எழுதினால்தான் மற்றதை எழுதக் கை வரும். இங்கே நானும் உன் அம்மாவும் மாடு கன்றும் சுகம். சுண்டுவிரலிலும் உணர்ச்சி திரும்பிவிட்டது என்று நேற்று வந்த உன் கடிதத்தில் படித்த பிறகுதான் சுகம் என்று எழுதுகிறேன், போன வாரம் எழுதியிருந்தால் அது பொய். அந்த ஒரு வரியை நான்கு முறை படித்தேன். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன் என்பதால் இல்லை, மறுபடி படிக்க வேண்டும் போல இருந்தது.

வேண்டிக்கொண்டவன் நான்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஊட்டி மைதானத்தில் மட்டைப் பை தூக்கும் உன்னைப் போன்ற ஆட்களுக்கு மார்கழியில் கோல்ப் போட்டி, முதலில் வருகிறவனுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் வேலை நிரந்தரம் என்று கார்த்திகையில் நீ எழுதினாய். அன்றே அம்மன் முன்னால் போய் நின்று, தை மாதம் என் மகன் வந்து உனக்குப் பொங்கல் வைக்கும்வரை காலில் செருப்பு போட மாட்டான், அவனை ஜெயிக்க வை என்று வாக்குக் கொடுத்து, உனக்கும் எழுதிவிட்டேன். நம் ஊரில் யார்தான் அப்படி வேண்டவில்லை. நான் மார்கழிப் பனியில் வெறுங்காலோடு கொள்ளுக் காட்டில் நின்று வளர்ந்தவன், நாற்பது வயதுக்குப் பிறகுதான் டயர் செருப்பே வாங்கினேன். குளிர் என்றால் எங்கும் ஒரே குளிர்தான் என்று நினைத்துவிட்டேன். அங்கே விடிகாலையில் புல்மேல் உப்பைக் கொட்டியது போலப் பனி உறைந்து கிடக்கும், மிதித்தால் நொறுங்கும் என்பதை நீ எனக்கு ஒரு வரி எழுதியிருந்தால் போதும். அதையும் சித்தப்பனுக்குத்தான் எழுதினாய்.

சாமை மூட்டை இறக்கப் போளூர் போனபோது வடிவேலு உன் கடிதத்தை என் கையில் கொடுத்தான். தினமும் காலை வெறுங்காலில் பழகினாய், கால் மரத்ததும் அடுப்பு நெருப்பில் காட்டினாய், கொப்புளம் கண்டது, டாக்டர் இன்னும் பத்து நாள் இப்படியே போனால் விரலை எடுக்க வேண்டி வரும் என்றார், நீ பை தூக்கும் மேஜர் ஐயா தன் பழைய ஷூவையே கொடுத்தும் நீ வாங்கவில்லை. படித்துவிட்டு, அம்மனுக்குப் பயந்த பிள்ளை என்றேன். வடிவேலு கடைவீதி என்றும் பார்க்காமல் கத்தினான். 'அம்மனுக்குப் பயந்தா வெறுங்கால்ல ஆட்றான்? உன் புடிவாதத்துக்குப் பயந்துண்ணா! அம்மனாவது மன்னிச்சிடும், நீ மன்னிப்பியா?' என்றான். மூட்டையை அவன் தலையில் கட்டிவிட்டு அடுத்த பஸ்ஸில் மலை ஏறிவிட்டேன்.

மறுநாள் காலையில் பூசாரி சின்னராசுவைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். ஒருவர் காலில் உள்ள நேர்த்திக்கடனை அதே வீட்டு ஆள் தன் காலில் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அம்மன் பூ கொடுக்க வேண்டும் என்றான். சிலையின் இரண்டு தோளிலும் பூ ஒட்டினோம். இடப்பக்கப் பூ விழுந்தது. ஆகாது என்று அர்த்தம். நான் அங்கேயே உட்கார்ந்துகொண்டேன். நான் கேட்டது தப்பு, வாக்கைத் திருப்பித் தரச் சொல்லவில்லை, என் காலை எடுத்துக்கொள், அவன் காலை விடு என்று சத்தமாகவே சொன்னேன். 'இன்னா மாமா, அம்மாகிட்டயே பஞ்சாயத்து வெக்கிறியா? எய்ந்து வூட்டுக்குப் போ, சாப்ட்டுட்டு வா' என்றான் சின்னராசு. நான் எழவில்லை. உச்சி வெயிலில் மறுபடி பூ ஒட்டினான். வலப்பக்கம் விழுந்தது. செருப்பைக் கோயில் வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு, அப்படியே பஸ் ஏறிப் போளூர் தந்தி ஆபீசுக்குப் போனேன். நேர்த்தி மாறிவிட்டது, ஷூ போடு, அப்பா என்று எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்தவர் படித்துவிட்டு, 'ஷூ போடச் சொல்றதுக்கா பெரியவரே தந்தி?' என்று சிரித்தார். சிரிக்கட்டும். உன் அம்மாதான், தந்தி என்றதும் பிள்ளைக்கு என்ன ஆகியிருக்குமோ என்று இரண்டு நாள் என்னைத் திட்டினாள். யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து உறையைப் பிரிக்கவே பயந்தேன் என்று நீயும் எழுதியிருக்கிறாய். அதுவரை சரி, என் மேல் கொஞ்சம் பயம் இருக்கட்டும்.

தந்தி கிடைத்து ஷூ போட்டு ஆடிய போட்டியில் இரண்டாவதாக வந்தாய், ஒரே ஒரு அடி கூடிப்போனதால் அந்த நிரந்தர வேலை கைநழுவிப் போயிற்று. அதற்கு நான் அழப் போவதில்லை. மேஜர் ஐயாவின் ஷூ ஓர் அளவு பெரியதாக இருந்ததால் இரண்டு கம்பளிக் காலுறை போட்டாய், முரட்டுக் கோட்டு தோளைப் பிடிக்கும் என்று இரண்டு மெல்லிய சட்டையும் கையில்லாத ஸ்வெட்டரும் போட்டாய், மட்டை வீசும்போது மட்டும் வலக்கை உறையைக் கழற்றினாய், சில்லிட்ட பந்து தூரம் போகாது என்று அடுத்த பந்தைக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டாய், குளிரில் ஓங்கி அடித்தால் தசை பிடிக்கும் என்று நீள மட்டை எடுத்து மெதுவாக வீசினாய். ஷூ போட்ட மூன்றாம் நாள் குளிர் இருந்ததே மறந்துவிட்டது என்று எழுதினாயே, அதை உன் அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அவள், 'இம்மாங் கம்பளியும் இருந்திருக்கு, அத்தப் போட உங்கிட்ட உத்தரவு கேட்டுக்கினு நின்னிருக்கான் பாரு எம்புள்ள' என்றாள். நான் வெளியே போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன்.

எனக்கும் கொஞ்சம் தெரியும். புளியம்பழம் உலுக்க நீளக் கழியை வீசுகிறவன் மேலே கம்பளி போர்த்த மாட்டான், காதையும் வயிற்றையும் மட்டும் கட்டுவான். வீசுவதற்கு முன் கையை அக்குளில் வைத்துச் சூடேற்றுவான். வெறும் வயிற்றோடு மரம் ஏற மாட்டான்.

இனி ஆக வேண்டியது. ஈரக் காலுறையோடு நீ ஒரு நாழிகை நிற்கக் கூடாது, இன்னொரு ஜோடி பையில் இருக்க வேண்டும். மரத்த காலை நெருப்பில் காட்டக் கூடாது, டாக்டர் சொன்னபடி வெதுவெதுப்பான தண்ணீர்தான். மேஜர் ஐயாவுக்கு நம் தேன் ஒரு புட்டி, அதை அடைத்துக் கட்டுவது உன் அம்மா பொறுப்பு. ஊட்டிக்கு வருகிற ஆள் பார்த்துக் கொடுத்து அனுப்புவது வடிவேலு பொறுப்பு, கத்தியதற்கு அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். தை கடைசி வெள்ளிக்கு நீ லீவு போட்டு வந்து பொங்கல் வைக்க வேண்டும், ஷூவோடே மலை ஏறி வா, கோயில் வாசலில் கழற்றினால் போதும். அடுத்த மார்கழியில் மறுபடி ஆடு. அம்மன் உன் கையையும் காலையும் காக்கட்டும், நீண்ட ஆயுசோடு இரு. என் பங்குக்கு ஒன்று. இனி எதை வேண்டினாலும் என் உடம்பை வைத்துத்தான் வேண்டுவேன். உன் காலைப் பற்றி உன்னைக் கேட்காமல் யாருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டேன். வலித்தால் எனக்கு எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா கோவிந்தன்