ஊரடங்கு நாளின் பழங்கறி

அக்கா,

இன்று காலை குளிர்பதனப் பெட்டியிலிருந்து இறால் குழம்பு டப்பாவை எடுத்து மூடியைத் திறந்தேன். புளியும் தேங்காய்ப்பாலும் கலந்த மணத்துக்கு அடியில் வேறெதுவோ ஒளிந்திருப்பதுபோல் தோன்றியது. உட்லண்ட்ஸ் வீட்டிலிருந்து வந்திருக்கும் என் மகள், "நேத்து வெச்சதுதாம்மா, சூடு பண்ணா போதும்லா," என்றாள். மனம் ஜாலான் புசார் தெருவில், இரும்புக் கடைக்கு மேலே நாம் இருவரும் சமைத்த அந்தச் சின்ன அடுப்படிக்குப் போய்விட்டது.

நீங்கள் தட்டச்சர், தனியாக இருந்தீர்கள். பக்கத்து அறையில் நானும் என் கணவரும். நான் பள்ளி ஆசிரியை; எட்டு மாதக் கர்ப்பிணி. உங்கள் யாழ்ப்பாணத்து வழக்கம் ஒன்று எனக்குப் பிடிபடவே இல்லை. விருந்தில் மிஞ்சிய கறிகளையெல்லாம் ஒரே சட்டியில் கொட்டிச் சுண்டக் காய்ச்சுவீர்கள். எங்கள் வீட்டில் சாம்பார் சாம்பாராகவே கெட்டுப்போகும், ரசம் ரசமாகவே கெட்டுப்போகும். உங்கள் சட்டியில் எது கெட்டது என்று எப்படித் தெரியும்? வகுப்பே சேர்ந்து கத்தும்போது முதலில் கத்தியவனைப் பிடிக்க முடியுமா? இப்படி நான் கேட்டால் சிரிப்பீர்கள்.

"இந்தியாக்காரருக்கு எல்லாத்துக்கும் பயம். ஒவ்வொரு நேரமும் கொதிக்க வைச்சா பழங்கறி. ஒரு நேரம் விட்டா விஷம். அவ்வளவுதான் பிள்ளை."

ஒருநாள் உங்கள் உறவினர்கள் விருந்துக்கு வந்து போனார்கள். மறுநாள் ஊரில் கலவரம், ஊரடங்கு போட்டுவிட்டார்கள். துறைமுக வேலைக்குப் போன என் கணவர் அங்கேயே மாட்டிக்கொண்டார். தெருவில் போலீஸ் வண்டிச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. சிறிது நேரம் தடையைத் தளர்த்தியபோது கடைக்கு ஓடினீர்கள். வெறும் பையோடுதான் திரும்பி வந்தீர்கள்.

அரிசி இருந்தது. முந்தைய நாள் விருந்தின் பழங்கறியும் இருந்தது. அதை அடுப்பில் ஏற்றினீர்கள். சட்டியின் ஓரம் லேசாக ஆவி விட்டபோது தீ இரண்டு முறை துள்ளி அணைந்தது. மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது. அரிசியை இனி வேகவைக்க வழியில்லை. பழங்கறி கொதிக்கவும் இல்லை, வெதுவெதுப்பாக நின்றது.

நீங்கள் குனிந்து முகர்ந்தீர்கள். நானும் முகர்ந்தேன். "புளி எல்லாத்தையும் மறைச்சுப்போடும், மணத்தில ஒண்டும் பிடிக்கேலாது," என்றீர்கள். காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை. வயிற்றுக்குள் குழந்தை உதைத்துக்கொண்டே இருந்தது. நான் தட்டை எடுத்தேன். நீங்கள் அதை வாங்கி வைத்தீர்கள்.

"பொறும். நான் முதல்ல திண்டு பாக்கிறன். எனக்கு ஒண்டும் ஆகேல்லையெண்டா பின்னேரம் நீர் சாப்பிடும்."

"வேணாங்க்கா, கொட்டிடலாம்."

"கொட்டிப்போட்டு என்னத்தத் தின்னுவீர்? உம்மட பாடப்புத்தகத்தையோ?"

சிரித்துக்கொண்டேதான் சாப்பிட்டீர்கள். நான் உங்கள் எதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்தேன். நீங்கள் கொட்டாவி விட்டால் பயம், தண்ணீர் குடித்தால் பயம். "என்ன, சோதனைத்தாள் திருத்துற மாதிரி முழிக்கிறீர்?" என்று கேட்டீர்கள். பிற்பகலில் உங்கள் மேலுதட்டில் வியர்வை அரும்பியது. அப்போதும் சிரிக்கப் பார்த்தீர்கள். பிறகு வாளியைத் தேடி ஓடினீர்கள்.

வாந்தி நிற்கவே இல்லை. கை சில்லிட்டுவிட்டது. டாக்டரை அழைக்கத் தெருவில் இறங்க முடியாது. ஜன்னலைத் திறந்து கத்தவும் பயம். உங்கள் தலையை என் மடியில் தாங்கிக்கொண்டு, கண்ணை மூடாதீங்கக்கா, மூடாதீங்கக்கா என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அப்போது கதவு தட்டப்பட்டது. நான் மூச்சை அடக்கினேன். மறுபடியும் தட்டல். உங்கள் உதடு அசைந்தது: "திறவும்."

கீழே இரும்புக் கடை வைத்திருந்த சீனக் கிழவர், பின்படி வழியாக ஏறி வந்திருந்தார். கையில் ஒரு தூக்கு நிறையச் சுடுகஞ்சி. மேலிருந்து கேட்ட வாந்திச் சத்தம் அவருக்கு எல்லாவற்றையும் சொல்லியிருந்தது. "மாக்கான், மாக்கான்," என்று என் வயிற்றைக் காட்டினார், சாப்பிடு என்கிறார். உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரை உங்களுக்குக் கரண்டி கரண்டியாகப் புகட்டினேன். மிச்சத்தை நான் குடித்தேன். இருட்டும் நேரத்தில் உங்கள் கை சூடேறியது. "சோதனையில நான் பெயில்," என்றீர்கள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அதன்பின் எத்தனையோ வருடம் இருந்தீர்கள், பழங்கறியும் வைத்தீர்கள். நான் மட்டும் அடுப்பருகே நின்று, அது கொதிப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே நகர்வேன். நீங்கள் கண்ணை மூடிய பின்பும் அந்தப் பயம் என்னோடுதான் இருக்கிறது. அதை விட எனக்கு மனமும் இல்லை.

இன்று நான் டப்பாவைப் பிடித்தபடி நின்றிருக்க, மகள் கரண்டியோடு வந்தாள். "குடும்மா, நான் டேஸ்ட் பண்ணிச் சொல்றேன்."

கரண்டியைப் பிடுங்கி, குழம்பைக் குப்பையில் கொட்டினேன். "ஐயோ, வேஸ்ட்லா!" என்று கத்தினாள். அன்று என் வயிற்றில் உதைத்தவள் அவள்தான், அக்கா. அவளுக்காக ருசி பார்க்கும் வேலையை ஒருத்தி முன்பே செய்து முடித்துவிட்டாள் என்று இன்று உட்கார்த்திச் சொல்லப் போகிறேன்.