எண்பது சட்டையோடு நிறுத்துவது

அன்பு மகளுக்கு,

அம்மா சொல்லச் சொல்லத் தங்கை எழுதுகிறாள். இங்கே இரண்டு பேரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படித்தான் இருப்பாய் என்ற நினைப்பில்தான் எனக்குச் சாப்பாடு இறங்குகிறது. மணிக்கட்டு கொஞ்சம் வீங்கியிருப்பதால் பேனா பிடிக்க வரவில்லை, இதற்குப் போய்ப் பதறாதே. முதலாளிக்கும் வேலை செய்பவர்களுக்கும் உறவு எப்படி என்று உன் சமூகவியல் கட்டுரைக்காகக் கேட்டிருந்தாய். என்னத்தைச் சொல்ல, நல்ல மனிதர்தான், நாமெல்லாம் ஒரே குடும்பம் என்பார். எந்தக் குடும்பத்தில் கழிவறைக்குப் போகச் சீட்டு வாங்குகிறார்கள் என்று கூட வேலை செய்யும் நெட்டையக்கா கேட்பாள், அதையும் எழுதிக்கொள். தேய்ப்பு மேசையில் எல்லாரும் சௌக்கியம். ஈரத்தலையோடு படுக்காதே. நல்லா இரு. அம்மா.

அக்கா, இது தாளின் பின்பக்கம். அம்மா தூங்கிவிட்டாள். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து எழுதுகிறேன். எல்லாரும் சௌக்கியம் என்று எழுதினேனே, அது பொய். பதினோரு நாளாக மேசையில் அம்மாவோடு யாரும் பேசுவதில்லை. உனக்குத்தான் தெரியுமே, சலவை நிலையத்தில் எட்டுப் பேரும் ஒரு நாளைக்கு ஆளுக்கு எண்பது சட்டையோடு நிறுத்திக்கொள்வார்கள். முதலாளி போட்ட கணக்கு இல்லை, அவர்களே வைத்துக்கொண்டது. ஒருத்தி கூடுதலாகத் தேய்த்தால் எல்லாரையும் அவ்வளவு தேய்க்கச் சொல்வார், அப்புறம் தோள்வலிக்காரி நெட்டையக்கா எங்கே போவாள் என்று அம்மா சொல்வாள். உன் பழைய நோட்டில் இது அப்படியே இருக்கிறது. வேலை செய்பவர்கள் தங்களுக்குள் ஓர் அளவு வைத்துக்கொள்வார்கள், அதை மீறுகிறவரைத் தள்ளிவைப்பார்கள் என்று பச்சை மையில் எழுதி, பக்கத்தில் ‘தேர்வுக்கு வரும்’ என்று போட்டிருக்கிறாய். தேர்வுக்கு வந்ததோ இல்லையோ, நம் வீட்டுக்கு வந்துவிட்டது.

வரவழைத்தது நான்தான் அக்கா. முதலாளி மகள் என் வகுப்பு. உங்கம்மா எங்கப்பாகிட்ட சட்டை தேய்க்கிறவங்கதானே என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். எங்கம்மா நினைச்சா நூத்திருபது தேய்ப்பாங்க, வேணும்னுதான் எண்பதோட நிறுத்திக்கிறாங்க என்று சொல்லிவிட்டேன். அவள் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள். இரண்டே நாளில் இனி ஆளுக்கு நூற்றுப்பத்து என்று சுவரில் நோட்டீஸ். அம்மாவின் கை வீங்கியது அதனால்தான். சனிக்கிழமை சாப்பாடு கொண்டுபோனேன். ஏழு பேரும் ஒரு பக்கம், அம்மா மட்டும் இஸ்திரிப் பெட்டி பக்கத்தில். நெட்டையக்கா என்னைப் பார்த்து, வாம்மா சூப்பர்வைசர் மகளே என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். முதலாளி அம்மாவிடம், உன்னை சூப்பர்வைசர் ஆக்குகிறேன், யார் கை மெதுவாக ஓடுகிறது என்று தினமும் எழுதிக் கொடுத்தால் போதும் என்று சொல்லியிருக்கிறாராம். நாளைக் காலையில் அம்மா பதில் சொல்ல வேண்டும். என்னால்தான் என்று சொன்னால் அம்மா என் முகத்தில் முழிக்கமாட்டாள். சொல்லாவிட்டால் காலத்துக்கும் தனியாகத்தான் சாப்பிடுவாள். பயமாக இருக்கிறது அக்கா. உன் நோட்டைக் கடைசிப் பக்கம்வரை புரட்டிவிட்டேன், இதற்கு ஒரு கொள்கையும் இல்லை.

பெரியவளே, இது அம்மா. இடது கையால் எழுதுகிறேன், எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. சின்னவள் வாளிமேலேயே தூங்கிவிட்டாள், தாள் மடியில் கிடந்தது, படித்துவிட்டேன். நோட்டீஸ் ஒட்டிய அன்றைக்கே, உன் சின்னவதான் சொன்னாளாம், கெட்டிக்காரி என்று முதலாளி என்னிடம் சிரித்தார். யாரு போய்ச் சொன்னது என்று மேசையில் கேட்டபோது, நான்தான், பெருமைக்கு உளறிட்டேன் என்று சொல்லிவிட்டேன். பின்னே, பிள்ளையைக் காட்டிக்கொடுப்பேனா? நாளைக்கு அந்த வேலை வேண்டாம் என்று சொல்லப்போகிறேன். எண்பதாவது சட்டையை மடித்ததும் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிடுவேன். மற்றவர்களும் வைப்பார்களா, என்னை வீட்டுக்குப் போகச் சொல்வாரா, தெரியாது. எனக்கும் பயம்தான். உன் நோட்டில் தள்ளிவைப்பதைப் பற்றி எழுதினாயே, திரும்பச் சேர்த்துக்கொள்வதைப் பற்றியும் யாராவது படித்திருந்தால் கேட்டு எழுது. தங்கைக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, திட்டாதே. இந்தக் கையோடு அவளைத் தூக்கிப் படுக்கவைக்க முடியவில்லை, எழுப்பவும் மனசு வரவில்லை. அவள் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்க வேண்டும்.

ஆசியுடன்,
அம்மா