ஏழாம் எண் சீட்டு

ஏனுங்க,

எப்போதும் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டுவிட்டேன். நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகிறது. இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் கோபம்தான். காபியைப் பாதி குடித்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போனவருக்கு என்ன கடிதம் வேண்டிக்கிடக்கிறது என்று இருந்தேன். இப்போது உங்களிடம் சொல்லியே ஆகவேண்டிய ஒன்று நடந்திருக்கிறது.

உடுமலைக் கொப்பரைக் களத்தை உங்களுக்குப் பிறகு நான்தான் பார்க்கிறேன். போன மழைக்காலத்தில் ஒருநாள் எண்ணெய் ஆலைக்காரருடன் போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் பேச்சு நின்றுவிட்டது. சொல்ல வேண்டியது மனசில் இருக்கிறது, வாயில் வரவில்லை. இரண்டு நிமிஷம் அப்படியே நின்றேன். நான் கோபத்தில் பேசாமல் இருக்கிறேன் என்று நினைத்து அந்த மனிதர் நான் சொன்னதற்கெல்லாம் ஒத்துக்கொண்டார். சிரிக்காதீர்கள். மூன்றாவது முறை அப்படி ஆனபோது நம் கார்த்தி என்னைக் கோயமுத்தூருக்கு அழைத்துப் போனான்.

மூளையில் இடது பக்கம் கட்டி. டாக்டர் படத்தைக் காட்டி, "பேச்சு வர்ற இடத்தை ஒட்டியே உக்காந்திருக்குதுங்கம்மா. உங்களை முழிக்க வெச்சு, பேச வெச்சுத்தான் எடுக்கோணும்" என்றார். பேசாமல் இரு என்று என்னை அடக்கியவர்கள்தான் அதுவரை உண்டு. பேசு பேசு என்று ஒருவர் கெஞ்சியது அதுதான் முதல் தடவை. ஆனால் வீட்டுக்கு வந்து அழுதேன். பேச்சு போய்விட்டால் நான் யார்?

ஒவ்வொருவருக்கும் பேச்சு ஒவ்வோர் இடத்தில் இருக்குமாம். தலையைத் திறந்து பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியாதாம். மெல்லிய மின்சாரம் வைத்துத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்காக அனிதா என்று ஒரு பெண் வந்தாள், நாகர்கோவில்காரி. இரண்டு நாள் படம் படமாகக் காட்டிப் பெயர் சொல்லப் பழக்கினாள். வீட்டு ஆட்களின் போட்டோவும் கேட்டாள். "உறவைச் சொல்லாதீங்க, பேரை மட்டும் சொல்லுங்க" என்பது அவள் கட்டளை. கார்த்தி, அவன் பெண்டாட்டி, பேத்தி எல்லாரையும் சரளமாகச் சொன்னேன். உங்கள் படத்தை மட்டும் கார்த்தி ஆபரேஷன் அன்று காலையில்தான் அனுப்பியிருக்கிறான். நீங்கள் சிரிக்கிற படமாகத் தேடினானாம். கிடைத்தால்தானே?

ஆபரேஷன் அன்று தூங்க வைத்துத் தலையைத் திறந்து, பிறகு எழுப்பினார்கள். மூளைக்கு வலி தெரியாதாம், நம்புவீர்களா? பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் டாக்டர், இந்தப் பக்கம் அனிதாவின் முகம். டாக்டர் ஓரிடத்தில் மின்சாரம் வைப்பார், அதே நொடியில் அனிதா படம் காட்டுவாள். நான் பெயர் சொல்லிவிட்டால் அங்கே கத்தி வைக்கலாம். தடுமாறினால் அது தொடக்கூடாத இடம், எண் எழுதிய சின்னச் சீட்டு ஒன்றை அங்கே வைத்துவிடுவார். குடை என்றேன், சீப்பு என்றேன், ஆட்டுக்குட்டி என்றேன். சில இடங்களில் வாய் அடைத்துக்கொண்டது. ஆறு சீட்டு ஆயிற்று.

அடுத்த படம் நீங்கள்.

"அம்மா, இவங்க பேரு?"

நான் வாயைத் திறக்கவில்லை. மறுபடி காட்டினாள். அப்போதும் இல்லை. "இங்கயும் நிக்குது" என்று டாக்டர் ஏழாம் எண் சீட்டை வைத்தார்.

அங்கிருந்த சிஸ்டர் அன்னூர்க்காரர். எட்டிப் பார்த்துவிட்டு, "டாக்டர், அது அவங்க ஊட்டுக்காரர் படமுங்க. கழுத்தை அறுத்தாலும் பேரைச் சொல்லமாட்டாங்க. எங்கம்மாவும் அப்படித்தானுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். உண்மைதானே. முப்பத்து நான்கு வருஷத்தில் ஒருநாள் சொன்னதில்லை. கோவிலில் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டால் கார்த்தியின் விலாவில் இடிப்பேன். நீங்கள் இறந்ததைப் பதியப் போன ஆபீசில்கூடக் காகிதத்தில் விரலை வைத்துக் காட்டினேன்.

டாக்டர் அதே இடத்தில் மின்சாரம் வைத்து, சாவி, வண்டி, வாழைப்பழம் என்று மூன்று படம் காட்டச் சொன்னார். மூன்றும் தடையில்லாமல் வந்தன. "அப்ப இங்க வெட்டலாம்" என்று சீட்டை எடுத்துவிட்டார். கட்டியின் ஓர் ஓரம் அதற்கு நேர் அடியில் இருந்தது.

அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. நான் சொல்லாமல் இருந்தேனா, சொல்ல வராமல் இருந்தேனா? இரண்டுக்கும் வெளியே தெரிவது ஒரே மௌனம்தான். வாழ்நாளில் சொல்லிப் பழகாத பெயர், வருகிறதா இல்லையா என்று எனக்கே எப்படித் தெரியும்?

"டாக்டருங்க, கொஞ்சம் நில்லுங்க. அந்தப் படத்தை இன்னொருக்கா காட்டச் சொல்லுங்க. சொல்லிப்போடறேன்."

"பரவாயில்லீங்கம்மா, சங்கடப்படாதீங்க" என்றார் சிஸ்டர்.

"சங்கடத்தை அப்புறம் பாத்துக்கலாமுங்க. நீ காட்டு அம்மணி."

காட்டினாள். டாக்டர் அதே இடத்தில் மின்சாரம் வைத்தார். இந்த முறை சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உங்கள் நெற்றி தெரிகிறது, முன்பல் இடுக்கு ஞாபகம் வருகிறது, தோப்பிலிருந்து வரும்போது உங்கள் சட்டையில் அடிக்கும் வாசம்கூட வருகிறது. பெயர் இல்லை. எத்தனை துழாவினாலும் இல்லை. டாக்டர் மின்சாரத்தை எடுத்தார்.

"வேலுச்சாமிங்க!"

அந்த அறையே அதிரும்படி கத்தியிருக்கிறேன். பெயருக்குப் பின்னால் 'ங்க' போட்டுத்தான் வந்தது, மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. பிறகு கார்த்தியின் படம். மின்சாரம் வைத்தால் என் பிள்ளையின் பெயரும் வரவில்லை, எடுத்ததும் வந்தது. டாக்டர், "பொருளோட பேரெல்லாம் வருது. மனுசங்க பேருதான் இங்க நிக்குது. நீங்க கேக்காம இருந்தா வெட்டியிருப்பனுங்கம்மா" என்றார். ஏழாம் எண் சீட்டைத் திரும்ப வைத்தார். நான் அழுதேன். தலையை அசைக்காமல் அழுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

அந்த ஓரத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுத்துவிட்டார்கள். இரண்டு வாரம் திக்கித் திணறினேன். இப்போது களத்தில் பழையபடி சத்தம் போடுகிறேன். கார்த்திக்குத்தான் ஆறவில்லை. "முழுசா எடுத்திருக்கலாமில்லம்மா? அப்பா பேரைச் சொல்லாமயே இத்தனை வருசம் இருந்தீங்கல்ல?" என்கிறான். சொல்லாமல் இருப்பதற்கும் பெயர் உள்ளே இருக்க வேண்டும் அல்லவா? அவனிடம் அதையெல்லாம் விளக்கவில்லை, சாப்பிட வா என்றேன்.

என்னை நீங்கள் ஒரு நாளைக்கு நூறு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டீர்கள். ஒரு தடவையாவது என் வாயால் உங்கள் பெயரைக் கேட்க உங்களுக்கு ஆசை இருந்ததா? நீங்கள் கேட்டதில்லை. நான் யோசித்ததும் இல்லை.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்க வேண்டும். விட்டுவைத்த துண்டு வளரலாம், வளராமலும் போகலாம். பயமாகத்தான் இருக்கிறது. வளர்ந்துவிட்டால், அந்த இடத்தையும் வெட்டித்தான் ஆகவேண்டும் என்று ஒருநாள் வரும். இனி அதற்கு முந்தின நாள்வரைக்கும் உங்களைப் பெயர் சொல்லியே கூப்பிடுவேன். களத்தில் ஆட்கள் இருந்தாலும் சரி, சம்பந்தி வீட்டார் வந்திருந்தாலும் சரி. இது உங்கள் மேல் சத்தியம்.

வேலுச்சாமியின் மனைவி,
சரஸ்வதி