தலை நுழையாத கழுத்து

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கல்லூரியில் சேர்ந்து ஒன்றரை மாதம். துணி வெட்டுவதற்காக நான் வரைகிற டி-ஷர்ட் பேட்டர்னைப் பார்த்து, "ஏன் கண்ணு, இந்தக் கழுத்துல தலை நுழையுமா?" என்பார் சார். வகுப்பே சிரிக்கும். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து திருத்திக் கொடுப்பார். சிரித்ததை மட்டும் அப்பாவிடம் சொன்னேன்.

இன்று காலை அப்பா வகுப்புக்கே வந்துவிட்டார். "உங்கப்பன் நம்ம கம்பெனில எங்கிட்டச் சம்பளம் வாங்கி அயர்ன் போடறவன்தான? எம்புள்ளையக் கிண்டல் பண்றயா?"

என் பக்கத்தில் திருத்திக்கொண்டிருந்த சார் எழுந்து நின்றார். "தப்புத்தானுங்க."

நான் ஸ்கேலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதியம் வரைந்ததைக் காட்டினேன். "நல்லாருக்குங்க" என்று சொல்லி அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

இப்போது அளந்து பார்த்தேன். அந்தக் கழுத்தில் கைக்குழந்தையின் தலைகூட நுழையாது.